மல்லிகா அக்கா நம்பாத அளவுகள்

மல்லிகா அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை காலை எங்கள் கடையின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. நான் நம்பவில்லை. அந்தக் குழுவில் யார் எதை அனுப்பினாலும் "யார் சொன்னது?" என்று முதலில் கேட்பவர் அவர்தான். அன்று அந்தக் கேள்வி வரவில்லை. ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு அவருடைய எண்ணுக்கே அழைத்தேன். கணவர் எடுத்தார். "ஆமாம்மா. நேத்து சாயங்காலம். நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னா, அவ்வளவுதான்."

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களுடையது மலேசியாவில், கிள்ளானில் மடக்குக் கதவு விற்கும் கடை. அடுக்குமாடி வீடுகளில் குளியலறைக்குப் போடுகிற பிளாஸ்டிக் கதவு. இழுத்தால் விரியும், தள்ளினால் மடிந்து ஓரத்தில் ஒதுங்கும். விலைப்பட்டியலில் அதற்கு அக்கார்டியன் கதவு என்று பெயர். வீடு வீடாகப் போய் வாசலை அளந்து வருவது அக்காவின் வேலை. மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் அளப்பார். வீட்டுக்காரர் சொல்லும் அளவைக் காதிலேயே வாங்கமாட்டார். மடிகிற எல்லாமே அவருக்கு அக்கார்டியன்தான்: பல அறைகள் கொண்ட அவருடைய கோப்பு, கொமுட்டர் ரயிலில் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே இருக்கும் ரப்பர் மடிப்பு. அந்த இடத்தில் என்னை நிற்கவே விடமாட்டார். "மடியற எடத்துல நிக்காத. அது எப்ப மனசு மாறும்னு யாருக்குத் தெரியும்?"

ஒருமுறை பிரிக்பீல்ட்ஸில் ஒரு வீட்டுக்கு என்னையும் அழைத்துப் போனார். கல்யாணங்களில் வாசித்து ஓய்ந்த ஒருவர் அங்கே நிஜமான அக்கார்டியன் வாத்தியமே வைத்திருந்தார். எங்கள் கதவின் பெயரைக் கேட்டதும் குஷியாகி, அதை மார்பில் மாட்டிக்கொண்டு வாசித்தார். நான் மெய்மறந்து நின்றேன். அக்கா அளவு நாடாவோடு அவர் அருகே போனார்.

"மூடுங்க அங்கிள்."

"பாட்டு இன்னும் முடியலையேம்மா."

"பாட்டு நல்லாத்தான் இருக்கு. மூடினா எவ்ளோ தடிப்புன்னு பாக்கணும்."

அளந்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "விரியறதப் பாத்துத்தான் எல்லாரும் ஏமாறுவாங்க லா. மடிச்சா எங்க நிக்கும்னு ஒருத்தரும் கேக்கமாட்டாங்க."

கடையில் புதிதாகச் சேர்ந்து ஆர்டர் எழுதிக்கொண்டிருந்த அந்த நாட்களில் எனக்கு அவரைப் பிடிக்காது. அவர் என்னையும் நம்பவில்லை என்று தெரியும். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். லோரி ஓட்டும் அப்பா, மகளுக்கு நிரந்தர வேலைக் கடிதம் வரப்போகிறது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார். எனக்கோ கூச்சம். ஒருவர் ஒன்றைச் சொன்னால் திரும்பக் கேட்கத் தயங்கி அப்படியே எழுதிவிடுவேன்.

சுங்கை பூலோவிலிருந்து ஒருவர், சக்கர நாற்காலியில் இருக்கும் தன் தாயாருக்காகக் குளியலறைக் கதவு கேட்டு அழைத்தார். அளவைத் தானே எடுத்துவிட்டாராம். சுவருக்குச் சுவர் முப்பது அங்குலம். அதையே ஆர்டர் தாளில் எழுதினேன். மடிந்த கதவு வாசலிலேயே ஆறு அங்குலத்தை அடைத்துக்கொண்டு நிற்கும், மிச்சத்தில் நாற்காலி நுழையாது என்பது எனக்கு உறைக்கவில்லை. அது கதவு செய்யும் தொழிற்சாலைக்குப் போகும்முன் அக்கா பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். தாளைத் தன் கோப்பில் செருகிக்கொண்டு அந்த வீட்டுக்குக் கிளம்பினார். கதவு வாசலைத் தாண்டி வெளிச்சுவர் ஓரமாக மடிந்து நிற்கும்படி கதவு ஓடும் தண்டவாளத்தை நீளமாகக் குறித்து, வேறு தாள் எழுதி அனுப்பினார்.

என் தாள் மட்டும் திரும்பி வரவில்லை. அவர் முதலாளியின் அறைக்குள் போகும்போதெல்லாம் கையில் கோப்பு இருக்கிறதா என்று பார்ப்பேன். கடிதத்துக்கு இரண்டு வாரம் இருக்கையில், பொறுக்க முடியாமல் வேனில் கேட்டுவிட்டேன்.

"அக்கா, அந்த ஃபாரத்த ஏன் வச்சிருக்கீங்க?"

"உன்ன நம்பல. அதான்."

"பாஸ்கிட்ட காட்டப் போறீங்களா?"

"அவரையும் நம்பல. காட்டினா உன்ன அனுப்பிடுவாரு. அப்புறம் இன்னொரு புள்ள வரும். அது என்ன தப்பு பண்ணும்னு நான் எங்க போய்த் தேடறது? உன் தப்பு எனக்குத் தெரியும். வெக்கப்பட்டுக் கேக்காம விட்டுருவ. அதைப் பாத்துக்கிட்டா போதும்."

கடிதம் வந்தது. அப்பா அதை என்னை இரண்டு முறை படித்துக் காட்டச் சொன்னார். அக்கா செய்தது அன்பினாலா, தன் வேலை சுலபமாக இருக்கட்டும் என்பதாலா என்று இன்றுவரை எனக்கு உறுதியாகத் தெரியாது. உங்களில் அவரை அறிந்தவர்கள் அன்புதான் என்பார்கள். நான் உடனே ஒத்துக்கொள்ளமாட்டேன். ஒத்துக்கொண்டால் அவருக்கே பிடித்திருக்காது.

இப்போது அவர் இடத்தில் நான்தான் அளக்கப் போய் வருகிறேன். சென்ற வாரம் அம்பாங்கில் ஒரு வீட்டுக்காரர் வாசலிலேயே காகிதத்தை நீட்டினார். "எல்லாம் அளந்தாச்சும்மா. இதையே எழுதிக்க."

"தப்பா நெனச்சுக்காதீங்க அண்ணே. நானும் ஒரு தடவ பாத்துக்கறேன்."

அவர் முகம் சுருங்கியது. எனக்குக் காது சுட்டது. எதிரில் நிற்பவரின் முகம் மாறினாலும் நகராமல் நிற்பது: மல்லிகா அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அது ஒன்றுதான். குனிந்து நாடாவை இழுத்தேன். கீழே அரை அங்குலம் குறைந்தது. அவருடைய காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நான் பார்த்த அளவை எழுதினேன்.