தங்கையின் தாளில் ஒரு பொய்ப் பெயர்

தங்கை எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. அடக்க நாளில் மழையில் நனைந்தபடி வந்து நின்ற உறவினர்களும் நண்பர்களுமான நீங்கள் இப்போது இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கிறீர்கள். இப்படிப்பட்ட மலர்களில் மறைந்தவரின் நற்குணங்களை எழுதுவது வழக்கம். அவளைப் பற்றி அப்படி எழுத எனக்கு விஷயம் குறைவில்லை. ஆனால் நான் அவளுக்குச் செய்த ஒரு தவற்றை எழுதாமல் இதை அச்சுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. எங்கள் தாயின் தகப்பனார் பெயரை அவள் என்னிடம் கேட்டாள். நான் ஒரு பொய்ப் பெயரைச் சொன்னேன். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு அவள் ஆறு ஆண்டுகள் உபவாசம் இருந்து ஜெபம் செய்தாள்.

நெய்யாற்றின்கரைக்குத் தெற்கே ஒரு மிஷன் வளாகத்தில் பிறந்தவள் தங்கை. தகப்பனார் அங்கே பள்ளி ஆசிரியர். அவளுக்கு மூன்று வயதாகும்போது தாயார் காய்ச்சலில் இறந்துபோனார். எனக்கு அப்போது பதினொன்று. தாயாரின் முகம் எனக்கு நினைவிருக்கிறது, அவளுக்கு இல்லை. இந்த ஒரு வித்தியாசம் கடைசி வரை எங்களுக்குள் இருந்தது. பண்டிகை நாட்களில் திடீரென்று, "அம்மை சிரிச்சா எப்படி இருக்கும், அண்ணே?" என்று கேட்பாள். எனக்குத் தெரிந்த வரையில் சொல்வேன்.

மிஷன் பெண்கள் பள்ளியில் படித்து அங்கேயே தையல் ஆசிரியை ஆனாள். அவளிடம் கற்ற பெண்கள் பின்னிய லேஸ் கப்பலேறிப் போனது. மணமுடித்த கம்பவுண்டர் நல்லவர். நீண்ட நாள் நோயில் கிடந்து போனார். பிள்ளைகள் இல்லை. நாடு சுதந்திரம் பெற்ற ஆண்டில் அவள் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, திருவனந்தபுரத்தில் வஞ்சியூரில் இருந்த என் வீட்டுக்கு வந்தாள். நானும் அதற்குள் தலைமையாசிரியர் பதவியை விட்டு, மனைவியையும் இழந்து, பிள்ளைகளை வெளியூர்களுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருந்தேன். வந்த முதல் நாளே என் சட்டைகளையெல்லாம் எடுத்துப் பொத்தான் தைத்து வைத்தாள்.

அந்தச் சமயம் ஊரைவிட்டுப் போன வெள்ளைக்காரக் குடும்பங்களின் சாமான்கள் சாலை என்ற கடைத்தெருவின் பழைய காகிதக் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. தையல் மாதிரிகள் உள்ள பத்திரிகைகளைத் தேடிப் போன தங்கை ஒரு கட்டு வாங்கி வந்தாள். பிரித்தபோது நடுவில் நீல அட்டை போட்ட ஒரு தடித்த புத்தகம் இருந்தது. அமெரிக்காவில் மார்மன் மார்க்கத்தார் வேதமாகப் படிக்கும் நூல் அது. அப்படியொரு கூட்டம் இருப்பதை நான் கேள்விப்பட்டிருந்தேன், அவள் கேள்விப்பட்டதில்லை.

தினமும் பிற்பகல் நான்கு மணிக்கு அந்தப் புத்தகத்தோடு என் சாய்வுநாற்காலிக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்காருவாள். வேதாகமத்தையும் அருகில் திறந்து வைத்துக்கொள்வாள். அவளுடைய ஆங்கிலம் ஊசி முனையில் நூல் கோர்ப்பது போல மெதுவாகப் போகும். தெரியாத சொல்லுக்கு அடியில் பென்சிலால் ஒரு தையல் போட்டது போலப் புள்ளிகள் வைப்பாள்.

"இதுக்கு என்ன அர்த்தம், அண்ணே?"

"நேத்தைக்கும் இதைத்தான் கேட்டே. முந்தாநாளும் கேட்டே."

"பள்ளிக்கூடத்துலயும் பிள்ளையள இப்படித்தான் விரட்டுனியளா? பாவம் அதுக."

நான் அர்த்தம் சொல்வேன். அதோடு விடாமல், இந்த நூலை நம்ப முடியாததற்குக் காரணங்களையும் ஒவ்வொன்றாகச் சொல்வேன். அவள் கேட்டு முடித்து, "சரி, அடுத்த வரி," என்பாள். அவள் என்னோடு வாதாடியதே இல்லை.

புத்தகத்தின் பின்பக்கத்தில் இருந்த முகவரிக்கு எழுதினாள். இரண்டு மாதம் கழித்து அங்கிருந்து ஒரு மூதாட்டி பதில் எழுதினார். அந்தக் கடிதப் போக்குவரத்து கடைசி வரை நிற்கவில்லை. ஞானஸ்நானம் கொடுக்க அதிகாரம் பெற்றவர் ஒருவரும் இந்தியாவில் இல்லை, பொறுத்திருங்கள் என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தார். தங்கை பொறுத்திருந்தாள். நம் ஆலயத்தில் எப்போதும் போல மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து பாடினாள். ஆனால் வீட்டில் காப்பியையும் தேயிலையையும் விட்டாள். அந்த மார்க்கத்தில் அவை ஆகாது. எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு அவள் சீரகத் தண்ணீர் குடிப்பாள். பக்கத்து வீட்டு மலையாளி நர்ஸ் சாறாம்மாவால் இதைத் தாங்க முடியவில்லை.

"அப்போ சேச்சி, காப்பி குடிச்சா சொர்க்கத்துல விடமாட்டாங்களா?"

"எனக்குத் தெரியாது மோளே. நான் நிறுத்திட்டேன், அவ்வளவுதான்."

"எனிக்கு அந்த சொர்க்கம் வேண்டாம் கேட்டோ."

"நீ வாசல்ல நின்னு குடிச்சிட்டு உள்ள வா. நான் கதவைத் தொறந்து வைக்கேன்."

இந்தச் சாறாம்மா பிறகு ஞாயிறு பிற்பகல்களில் அவளோடு உட்கார்ந்து அந்தப் புத்தகத்தைக் கேட்க ஆரம்பித்தாள். கையில் காப்பித் தம்ளரோடுதான்.

மாதத்தின் முதல் ஞாயிறு தங்கைக்கு உபவாச நாள். இரண்டு வேளை உண்ணமாட்டாள். அந்த இரண்டு வேளைக்கான அரிசியையும் பருப்பையும் அளந்து எடுத்து, சந்துக்குள் தனியாக இருந்த ஒரு கிழவிக்குக் கொடுத்து அனுப்புவாள்.

அமெரிக்காவிலிருந்து வம்சாவளித் தாள்கள் வந்தது ஓராண்டுக்குப் பிறகு. குடும்பங்கள் மரணத்துக்கு அப்பாலும் சேர்ந்திருக்கும், ஞானஸ்நானம் பெறாமல் இறந்துபோன முன்னோருக்காக உயிரோடிருப்பவர்கள் அந்த மார்க்கத்து ஆலயத்தில் அதைப் பெற்றுக்கொடுக்கலாம் என்பது அவர்களுடைய விசுவாசம். அதற்கு முன்னோரின் பெயர்கள் சரியாக வேண்டும். தாளில் கோடு போட்ட கட்டங்கள் இருந்தன. தங்கை அதை மேசைமேல் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முகம் தெரியாத தாயோடு சேருவதற்கு ஒரு வழி இருக்கிறது என்று முதல் முறையாக அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

ஒரு ஞாயிறு, நம் சபைச் செயலர் வீட்டுக்கு வந்திருந்தபோது அவள் அந்தத் தாளோடு வந்தாள். தகப்பனார் வழிப் பெயர்களை நான் மடமடவென்று சொல்ல, அவள் எழுதினாள்.

"அம்மைக்க அப்பா பேரு?"

நான் செயலரைப் பார்த்தேன். செயலர் காப்பியை ஆற்றிக்கொண்டே, "சாருக்க அம்மை வழியும் உபதேசிமார் குடும்பந்தானே? இருந்தாத்தான் இவ்வளவு படிப்பு வரும்," என்றார்.

"ஆமா," என்றேன் நான். "ஞானசிகாமணி உபதேசியார். கிழக்கே, திருநெல்வேலிப் பக்கம்."

அந்தப் பெயர் எனக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றும் தெரியவில்லை. தங்கை பேனாவை மையில் தொட்டு, அழகான எழுத்தில் எழுதி, ஊதி உலர்த்தினாள். "உபதேசியாரா! எங்கிட்ட ஒருத்தரும் சொல்லவேயில்லையே," என்றாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்த பிறகு, செயலர் போனதும் சொல்லிவிடலாம் என்ற எண்ணத்தை நான் விட்டுவிட்டேன்.

உண்மை இதுதான். எங்கள் தாயைப் பெற்றவர் பெயர் இசக்கிமுத்து. விழிஞ்ஞம் கடற்கரையில் கரைமடி வலை இழுத்துப் பிழைத்தவர். படகும் இல்லை, வலையும் இல்லை. பிறருடைய வலையின் கயிற்றை இழுத்து, கூலியாக மீன் பங்கு வாங்கியவர். தம் ஒரே மகளை மிஷன் போர்டிங் பள்ளியில் கொண்டுவந்து விட்டார். வாரத்துக்கு ஒரு நாள் தம் பங்கு மீனைத் தலையில் சுமந்து அவ்வளவு தூரமும் நடந்து வந்து போர்டிங் சமையற்கட்டில் இறக்குவார். ஞானஸ்நானம் எடுத்துக்கொள்ளச் சொன்னவர்களிடம், "பெண்ணுக்குச் சொல்லிக்குடுங்க. எனக்குக் கடல் போதும்," என்று சொல்லிவிட்டாராம். வேலிக்கு வெளியே நின்றே மகளைப் பார்த்துவிட்டுப் போவார். இதை எங்கள் தாயார் படுக்கையில் கிடந்தபோது எனக்குச் சொன்னார். தங்கச்சிக்கு விவரம் தெரிந்ததும் சொல் என்றும் சொன்னார். நான் சொல்லவில்லை. படிப்பும் பதவியும் வந்த பிறகு அந்தப் பெயரை என் பிள்ளைகளிடமும் சொல்லவில்லை.

தாளின் நகலைத் தங்கை அமெரிக்காவுக்கு அனுப்பினாள். அதன்பின் ஒவ்வொரு முதல் ஞாயிறும் அவள் தாளிலிருந்து ஒரு பெயரை எடுத்துக்கொண்டு உபவாசம் இருப்பாள். மாலையில் முழங்காலில் நின்று அந்தப் பெயரைச் சொல்லி ஜெபிப்பாள். சுற்றில் ஞானசிகாமணி உபதேசியாரின் முறை வரும்போது நான் கைத்தடியை எடுத்துக்கொண்டு கிழக்கேகோட்டை வரை நடந்துவிட்டு வருவேன். ஆறு ஆண்டுகள் இப்படிப் போயின. ஞானஸ்நானம் பெறாமல் போனவர்களுக்காகத்தான் அவள் அதிகம் ஏங்கினாள். அப்படிப்பட்ட ஒருவரை மறைத்துவிட்டு, பிறந்தே இராத ஒரு உபதேசியாரை நான் அவள் முன்னால் நிறுத்தியிருந்தேன்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் அவளுக்குக் கால் வீங்கியது. இருதயம் தளர்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். ஒரு நாள் பிற்பகல் தலையணையில் சாய்ந்திருந்தவள் சொன்னாள்:

"அம்மைக்க முகந்தான் எனக்குத் தெரியாதுல்லா. அங்க போயி யாருன்னு தேடுவேன்? முதல்ல உபதேசியாரைப் பேரு சொல்லிக் கூப்பிடப் போறேன். அவரு திரும்பிப் பாத்தாருன்னா, பக்கத்துல நிக்கிறது அம்மைதானே?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். முடிந்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கஞ்சியைச் சாறாம்மா கையால் மட்டும் வாங்கிக் குடித்தாள். மூன்றாம் நாள் காலையில் என்னைக் கூப்பிட்டாள்.

"மீன் சுமந்தாருன்னா, நல்லா உயரமா இருந்திருப்பாரோ?"

"அம்மை அப்படித்தான் சொன்னா. ஆளு உயரம்னு."

"உங்களுக்கு அந்த உயரம் வரலை." பிறகு, "அப்ப அந்த உபதேசியாரு யாரு?" என்றாள்.

"யாருமில்லை."

"ஆளே இல்லாத ஒருத்தருக்காகவா ஆறு வருஷமா நான் பட்டினி கிடந்தேன்?" என்று சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. நான் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னாள்: "நீங்க செஞ்சது சரியில்ல, அண்ணே. அம்மை உங்ககிட்ட எனக்காகத் தந்துட்டுப் போனது அது ஒண்ணுதான். இனி ஒரு காரியம் செய்யுங்க. அமெரிக்காவுக்கு நீங்களே எழுதுங்க. பேரு, ஊரு, என்ன வேலை செஞ்சாருன்னு எல்லாம். உங்க கையெழுத்துல போகட்டும்."

எழுதுகிறேன் என்றேன். எழுதவும் உட்கார்ந்தேன். தலைமையாசிரியராக இருந்த நான், முன்பு எழுதியது பொய் என்று முகம் தெரியாத ஒரு அம்மாளுக்கு எழுத வேண்டியிருந்தது. நான்கு தாள்களைக் கிழித்தேன். தங்கை, "தபால்ல போட்டாச்சா?" என்று கேட்டாள். "போட்டாச்சு," என்றேன். இது இரண்டாவது பொய். நாளைக்குப் போட்டுவிட்டால் உண்மையாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் என் கையைத் தட்டிக்கொடுத்தாள். ஐந்தாம் நாள், சாறாம்மா தலை சீவிவிட்டுக்கொண்டிருக்கும்போது, அமைதியாகப் போய்விட்டாள். கடிதம் என் மேசை இழுப்பறையில் பாதியில் கிடந்தது.

முதல் பொய்யை அவள் மன்னித்தாள் என்றே நம்புகிறேன். இரண்டாவதை மன்னிக்க அவளுக்கு நான் இடம் கொடுக்கவில்லை.

அடக்கம் முடிந்த வாரத்தில் அந்தக் கடிதத்தை முடித்து அனுப்பினேன். இரண்டு பொய்களையும் எழுதினேன். அந்த மூதாட்டியின் பதில் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. தங்கை உயிரோடிருக்கையில் பெற முடியாமற்போன ஞானஸ்நானத்தை, இறந்து ஓராண்டு கழிந்த பிறகு அவள் பெயரால் அங்கே ஒருவர் பெற்றுக்கொள்ளலாம் என்று எழுதி, புதிய தாள் ஒன்றும் வைத்திருந்தார். அந்த மார்க்கத்தை இன்றும் நான் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் அவள் எட்டு ஆண்டுகள் காத்திருந்தாள். இந்த வாரம் அந்தத் தாளை நிரப்பினேன். பிறந்த நாடு என்ற கட்டத்தில் தயங்கினேன்: அவள் பிறந்தது திருவிதாங்கூரில், இறந்தது திருவிதாங்கூர்-கொச்சியில், இந்தத் தாள் போய்ச் சேரும்போது இதன் பெயர் கேரளம். தங்கை இருந்தால் இதற்கு ஒரு மணி நேரம் சிரித்திருப்பாள். தாயின் தகப்பனார் என்ற கட்டத்தில் தயங்கவில்லை. இசக்கிமுத்து, விழிஞ்ஞம், கரைமடி இழுத்தவர் என்று எழுதினேன். சாறாம்மாவையும் கூட்டிக்கொண்டு போய், அவள் பார்க்கத் தபாலில் போட்டேன்.

இந்த மலரை வாசிக்கும் என் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தங்கள் முன்னோரைப் பற்றி நான் சொல்லியிருந்ததைத் திருத்திக்கொள்ள வேண்டுகிறேன். ஞானசிகாமணி உபதேசியார் என்று ஒருவர் நம் குடும்பத்தில் இல்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். தன் சொந்தத் தமக்கையைப் போலத் தங்கையைக் கழுவித் துடைத்துப் பார்த்துக்கொண்ட சாறாம்மாவுக்கும், வேறு மார்க்கத்தைத் தேடியவள் என்று எண்ணாமல் அவளை நம் கல்லறைத் தோட்டத்தில் மரியாதையோடு அடக்கம் செய்த போதகருக்கும், பெட்டிக்கு உள்விரிப்பாகத் தங்கள் கையால் லேஸ் பின்னித் தந்த அவளுடைய பழைய மாணவிகளுக்கும், கடல் கடந்து கடிதத்தால் தோழியாக இருந்த அந்த மூதாட்டிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நாங்கள் இருவரும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களாக வாழ்ந்ததற்குக் காரணமாக, வேலிக்கு வெளியே தலைச்சுமையோடு நின்ற இசக்கிமுத்து தாத்தாவுக்கு, தங்கையின் சார்பிலும் என் சார்பிலும் நன்றி. வரும் முதல் ஞாயிறு அவருடைய முறை. நான் உபவாசம் இருக்கிறேன். அன்று நடக்கப் போகமாட்டேன்.