மதிலும் மருமகனும்

லண்டன் செவன் கிங்ஸில் என் தலையில் மிச்சமிருப்பதை வெட்டிவிடும் முடிதிருத்துபவர், கைபேசியில் அமெரிக்க அரசியல் வீடியோவை ஓடவிட்ட பிறகுதான் கத்தரிக்கோலை எடுப்பார். பயங்கரச் செய்தி வந்தால் கத்தரி என் காதருகே அப்படியே நின்றுவிடும்.

"மெக்சிக்கோவாலை வாறவங்கள் எல்லாரும் கொலைகாரராம் அண்ணை. எல்லையிலை மதிலைக் கட்டத்தான் வேணும்."

"இது துவேசம் இல்லையோ?"

"சீச்சீ, இது பயம். நானே லொறிக்குள்ளை ஒளிச்சு வந்தனான். எனக்கென்ன துவேசம்?"

அப்போது ஓர் அழைப்பு வந்தது. பேசி முடித்துக் கண்ணைத் துடைத்தார்.

"என்ரை மருமோன் அண்ணை, அக்கான்ரை பெடியன். மெக்சிக்கோ எல்லையிலை நிக்கிறானாம். அமெரிக்காவுக்குள்ளை போய்ச் சேரவேணுமெண்டு கும்பிடுங்கோ."

"அப்ப மதில்?"

"அவன் போனாப்பிறகு கட்டட்டும்."

வீடியோ மறுபடி ஓடியது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் அந்தக் கொலைகாரன் பத்திரமாகப் போய்ச் சேரட்டும் என்று கண்ணை மூடிக் கும்பிட்டேன். கத்தரி காதருகேதான் நின்றது.