அத்தை குழம்பைக் குறை சொன்ன நாள்

நான் நாலாவது படித்த வருஷம், அப்பாவின் தங்கையான என் அத்தை, பள்ளிபாளையத்திலிருந்து ஒரு பையோடு எருமப்பட்டிக்கு வந்து சேர்ந்தாள். மாமா கூட வரவில்லை. வந்தவள் யாரிடமும் எதுவும் சொல்லாமல் உள்ளறையில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அப்பாவுக்கு எதையும் உடனே சரிசெய்துவிட வேண்டும். கிணற்று மோட்டார் நின்றால், மெக்கானிக் வருவதற்குள் பாதியைக் கழற்றிப் போட்டிருப்பார். அன்றும் பைக்கை எடுத்துவிட்டார்.

"போயி ரெண்டுல ஒண்ணு கேட்டுப்போட்டு வாரேன்."

"ஏனுங்க, அவளே இன்னும் வாயத் தொறக்குல. நீங்க போயி என்னத்தக் கேப்பீங்க?" என்று அம்மா தடுத்துவிட்டாள்.

மறுவாரம் மாமாவே வந்தார். தறிப்பட்டறையில் வேலை, சட்டையெல்லாம் பஞ்சு. எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். அம்மா தண்ணீர் கொடுத்து, "இன்னைக்கு வேண்டாமுங்கண்ணா, நானே சொல்லி உடறேன்" என்று வாசலோடு அனுப்பிவிட்டாள். தேடி வந்தவரை அனுப்பினால் சண்டை எப்படித் தீரும்? அம்மாதான் அத்தையைப் பிடித்து வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். அப்பாவும் அப்படித்தான் நினைத்தார் போல. இரண்டு பேரும் அம்மாவிடம் முகம் கொடுக்காமல் திரிந்தோம். அத்தை எழுந்து, காட்டில் பிடுங்கி வந்த சின்ன வெங்காயத்தின் காய்ந்த தாளை அரிந்தாள், தட்டில் விழுந்ததை விழுங்கினாள், பேசவில்லை.

ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் திடீரென்று நிமிர்ந்தாள். "என்னங்கண்ணி, கொழம்புல இத்தன உப்பு? மனுசன் திங்கறதா?"

அம்மா சண்டைக்குப் போவாள் என்று பயந்தேன். அவளோ சிரித்துவிட்டு, "ஏனுங்க, போயி அண்ணனக் கூட்டிட்டு வாங்க" என்றாள்.

"இப்பவா?" என்றார் அப்பா.

"இப்பத்தானுங்க அவளுக்கு நாக்குல ருசி தட்டியிருக்குது."

உப்புக்கும் மாமாவுக்கும் என்ன சம்பந்தம்?

மாமா வந்தார். சாத்திய கதவுக்குள் முதலில் அத்தையின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு இருவரும் அழுவது கேட்டது. போச்சு, இனி சேரவே மாட்டார்கள் என்று முடிவு கட்டினேன். சாயங்காலம் அத்தை மாமாவோடு பஸ் ஏறினாள்.

வயிற்றுப் பிள்ளை கலைந்த துக்கத்தில் கிடந்தவளிடம், மாமா ஆறுதல் என்று நினைத்து "உடு, அடுத்தது பொறக்கும்" என்று சொன்னதைத் தாங்காமல்தான் அத்தை வந்தாள் என்பது நான் பெரியவளான பிறகே தெரிந்தது.

பஸ் திரும்பி மறைந்ததும் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எல்லாம்தான் சரியாகிவிட்டதே, இப்போது எதற்கு அழுகிறாள் என்று அப்பாவைப் பார்த்தேன். அவரும் அதையே கேட்பதுபோல என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.