புதுக் கேமராவில் விழாத மெட்டி

படம் நன்றாக வந்தால் முகராசி, கெட்டுப்போனால் போட்டோக்காரன். இதுதான் எங்கள் தொழிலின் சட்டம். கேமரா பையைத் தோளில் மாட்டிய அத்தனை பேரும் இதை அனுபவித்திருப்பீர்கள். கள்ளக்குறிச்சியில் கடை வைத்திருந்த நான் பழியைக் கேமரா மேல் போட்டேன். குனிந்து பார்த்து எடுக்கும் இரட்டைக்கண் பெட்டியை மூலையில் வைத்துவிட்டு, ஜப்பான் கேமரா ஒன்று வாங்கினேன். இதிலும் பெயர் எடுக்காவிட்டால் கடையை மூடிவிட்டு மாமனாரின் கரும்புத் தோட்டத்துக்கு வந்துவிடுகிறேன் என்று மனைவியிடம் வாக்கும் கொடுத்தேன். எனக்குக் கரும்பும் பிடிக்காது, மாமனாரையும் பிடிக்காது.

பந்தல் பிரமாதம்

ரிஷிவந்தியத்தில் ஒரு கல்யாணம். பழைய பெட்டியில் பார்க்கும் கண் மேலே, படம் பிடிக்கும் கண் கீழே. கிட்டத்தில் எடுத்தால் தலை வெட்டுப்படும். அதனால் கொஞ்சம் தூக்கிப் பிடிப்பது பல வருஷப் பழக்கம். புதுக் கேமராவில் பார்ப்பதுதான் படத்தில் விழும் என்று விற்றவர் படித்துப் படித்துச் சொல்லியும் கை கேட்காமல் தூக்கியே பிடித்தது. அம்மியில் கால் வைத்து மெட்டி போடும் படத்தைப் பெண்ணின் அம்மா கையில் எடுத்து நிதானமாகக் கேட்டார்: "பந்தலு நல்லா வுழுந்திருக்குதுங்க. மெட்டி போட்ட காலு எங்கங்க?"

கண்ணாடிக்குள் சூரியன்

நைனார்பாளையத்தில் மஞ்சள் நீராட்டு. பெண்ணுக்குப் பின்னால் நிலைக்கண்ணாடியை வைத்து, முகமும் பின்னலில் தைத்த பூவும் ஒரே படத்தில் தெரிய எடுக்க வேண்டும். புது ஃப்ளாஷை நேராக அடித்தேன். கழுவிப் பார்த்தால் கண்ணாடியில் பூ தெரிய வேண்டிய இடத்தில் ஒரே வெள்ளை வெளிச்சம்.

அவமானமாக இருந்தது. ஆனாலும் விடவில்லை. நானே பூ வாங்கித் தைக்கச் சொல்லி மறுபடி எடுத்துத் தருகிறேன் என்று அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்றேன். பெண்ணின் அத்தை யோசித்துவிட்டுச் சொன்னார்: "எடுங்க, வாணாங்கல. அந்த ஃப்ளாஷ மட்டும் வூட்லயே வச்சிட்டு வாங்க."

மனுவில் ஒட்ட ஒரு முகம்

இடஒதுக்கீட்டுப் போராட்டம் உச்சத்தில் இருந்த நேரம். சாலையில் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் இல்லை. வெளியூரிலிருந்து வரவேண்டிய கேமரா பேட்டரியும் வரவில்லை. அது இல்லாமல் ஜப்பான்காரன் வாயே திறக்க மாட்டான். அன்று பார்த்து கல்வராயன் மலையிலிருந்து ஒரு பெண் தன் அப்பாவோடு நடந்தே வந்து சேர்ந்தாள். டீச்சர் பயிற்சி மனுவை மறுநாள் கொடுக்காவிட்டால் அவளுக்கு ஒரு வருஷம் போச்சு.

இவளைத் திருப்பி அனுப்பினால் நான் போட்டோக்காரனே இல்லை என்று தோன்றியது. பழைய பெட்டியைத் துடைத்தேன். ஃப்ளாஷ் வந்த தைரியத்தில் கடை விளக்குகளையெல்லாம் விற்றுத் தள்ளிவிட்டிருந்தேன். அதனால் அவளை வாசல் வெளிச்சத்தில் உட்காரவைத்து, இருட்டடித்த கன்னத்துக்கு எதிரே ஒரு சலவை வேட்டியை விரித்துப் பிடிக்கும்படி அப்பாவிடம் சொன்னேன். இரண்டு கன்னத்திலும் வெளிச்சம் சரியாக விழும்வரை நாற்காலியை நாலு தடவை நகர்த்தினேன். படம் பளிச்சென்று வந்தது. அப்படியும் என் வாய் சும்மா இருக்கவில்லை. புதுக் கேமராவில் எடுத்திருந்தால் இன்னும் நன்றாக வந்திருக்கும் என்றேன். அவள் படத்தைப் பைக்குள் வைத்தபடி சொன்னாள்: "எம் மூஞ்சியத்தாங்க ஒட்டச் சொன்னாங்க. கேமராவையா ஒட்டச் சொன்னாங்க?"

அதற்குப் பிறகு ஆறு கேமரா மாற்றிவிட்டேன். படம் மாறியது என்னவோ அந்த நாற்காலியை நகர்த்திய அன்றுதான்.