வட்டியூர்க்காவுத் தண்ணீரில் வேகாத பருப்பு

எனக்கு எழுபத்து நான்கு வயது. ஆறு பேரை வளர்த்தேன். நான்கு பேர் நான் பெற்றவர்கள். இரண்டு பேர் தாயில்லாமல் என்னிடம் வந்த கொழுந்தனார் பிள்ளைகள். ஆறு பேரும் இன்று அவரவர் சம்பாத்தியத்தில் சாப்பிடுகிறார்கள். இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். பின்னால் சொல்லப்போவது எனக்குப் பெருமை தரும் காரியமில்லை.

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அதற்குமேல் இல்லை. ஆகவே நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். பள்ளியில் தமிழ் எடுத்துப் படிக்கிறாள்; என் பேச்சைப் புத்தக நடைக்கு மாற்றிக்கொள்கிறாள்.

தென்காசிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி மலையாளச் சீமையில் கரமனைக்கு வந்தேன். என் கணவர் தம்பானூரில் ஒரு ஓட்டலில் சமையல் மாஸ்டர். நான் அக்கிரகாரத் தெருக்களில் வீடு வீடாக இட்லி மாவு கொடுத்தேன். அவர் போய்ச் சேர்ந்த பிறகு கடைசி மகன், மருமகள், பேத்தி இவர்களோடு அதே வாடகை வீட்டில் இருக்கிறேன். அந்த வீட்டை இடித்துக் கட்டப்போவதாக வீட்டுக்காரர் வந்து சொன்னார். ஓணத்துக்கு முன்னால் நாங்கள் காலி செய்துவிட வேண்டும்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது. வாசலுக்குப் போனால் அடுப்படிக்குத் திரும்பத் தோன்றியது. கரமனையில் காலி வீடு எதுவும் எங்களுக்குத் தோதாக அமையவில்லை.

மகன் போனில் வீடு தேடினான். படத்தைத் தள்ளித் தள்ளிக் காட்டுவான்.

"லிஃப்ட் உண்டும்மா. பார்க்கிங் உண்டு. ரெண்டு பால்கனி."

"பால்கனியில நின்னு யாருகிட்ட பேச?"

"காத்து வாங்கலாம்."

"காத்தை நான் வாசல்லயே வாங்கிக்கிடுதேன்."

வீடு பார்ப்பது வேறு, இடம் பார்ப்பது வேறு என்பது என் எண்ணம். வீட்டை ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் போய்ப் பார்த்தோம். இடத்தை மறுவாரம் நான் தனியாகப் போய்ப் பார்த்தேன். போகும்போது இரண்டு லிட்டர் பாட்டில் ஒன்றைப் பையில் வைத்துக்கொள்வேன். அங்கத்துத் தண்ணீரைப் பிடித்து வந்து, ஒரு சின்னக் கிளாஸ் துவரம்பருப்பை அதில் வேகவைப்பேன். குக்கர் கிடையாது, உப்பு கிடையாது. மூடி போட்ட பாத்திரம், சிறு தீ. நல்ல தண்ணீர் என்றால் முக்கால் மணி நேரத்தில் பருப்பு மலர்ந்துவிடும். கெட்ட தண்ணீர் என்றால் ஒரு மணி நேரம் ஆனாலும் பல்லில் நெறுநெறுக்கும். அப்படிப்பட்ட தண்ணீர் உள்ள இடத்தில் உடம்பும் மனசும் தங்காது.

கடலுக்குப் பக்கத்தில் பார்த்த வீட்டின் தண்ணீர் உப்புக் கரித்தது. கழக்கூட்டம் பக்கம் பதினோராம் மாடியில் பார்த்த வீட்டின் தண்ணீர் துருப்பிடித்த ஆணி ஊறின நிறம். இரண்டிலும் பருப்பு வேகவில்லை. மகன் புரோக்கரிடம் வேண்டாம் என்றான். அடுப்புக் காரியத்தில் என் வார்த்தைக்கு எதிர்வார்த்தை எங்கள் வீட்டில் இருந்ததில்லை. புரோக்கர்தான், எனக்கு வீடு வேண்டாம், தண்ணீர் போதும்போல என்று சிரித்தார்: "அம்மச்சிக்கு வீடு வேண்டா, வெள்ளம் மதி, அல்லே?"

மூன்றாவதாக வட்டியூர்க்காவில் ஒரு தரை வீடு. முற்றத்தில் கிணறு. வாசலில் இரண்டே படி. மருமகளுக்குப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது. அவள் வேலை பார்க்கும் லேபுக்கு ஒரே பஸ், மகளுக்குத் தனி அறை. "இது மதி அத்தை, இது மதி" என்று திரும்ப வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

புதன்கிழமை நான் தனியாகப் போனேன். அந்த வட்டாரத்தில் குடியிருப்போர் சங்கம் ஒவ்வொரு கேட்டிலும் தகரத் தகடு அடித்து நம்பர் போட்டிருக்கிறது. நம்பர் எனக்கு நன்றாகத் தெரியும். நாற்பத்திரண்டு. ஏற்றம் ஏறி நாற்பத்திரண்டைக் கண்டுபிடித்தேன். நாய் குரைத்தது, கிணறு இல்லை. அடுத்த சந்தில் இன்னொரு நாற்பத்திரண்டு. அதற்கடுத்த சந்தில் மற்றொன்று. நம்பருக்கு முன்னால் ஓர் எழுத்து இருக்கிறது, அது சந்துக்குச் சந்து மாறும் என்பது எனக்கு அப்போது தெரியாது. எல்லாச் சந்திலும் ஒரே மாதிரி மதில், ஒரே மாதிரி கேட். முனையில் நின்ற பலகைகள் எல்லாம் மலையாளத்தில்.

எனக்கு மலையாளம் படிக்கத் தெரியாது. பேசினால் இங்கேயே பிறந்தவள் என்பார்கள். கரமனையில் பஸ் பலகையின் எழுத்துகள் வளைந்து நிற்கும் தோற்றத்தை வைத்தே ஏறிவிடுவேன். யாரிடமும் "இது எங்கே போகும்" என்று கேட்டதில்லை. நான் படிக்கத் தெரியாதவள் என்பது என் கணவருக்குத் தெரியும். பிள்ளைகளுக்குத் தெரியாது.

ஒரு வீட்டு வாசலில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர், யாரைத் தேடுகிறேன் என்று கேட்டார்: "அம்மச்சி ஆரெயா நோக்குன்னே?"

"ஆரையும் இல்லா. சும்மா நடக்குவா."

மறுபடி அவர் வாசலுக்கே வந்து சேர்ந்தேன். தலையாட்டினார். மூன்றாம் முறை குழாயை மூடிவிட்டார்.

"இது மூணாமத்தெ ரவுண்டல்லே அம்மச்சி?"

"டாக்டர் நடக்கான் பறஞ்ஞு" என்று, டாக்டர் நடக்கச் சொன்னதாகச் சொல்லிவைத்தேன். வியர்வை முதுகில் ஓடியது. கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தை. வாய் வரவில்லை.

கடைசியில் அந்தக் கிணற்று வீட்டுச் சொந்தக்காரரின் அக்கா, ஞாயிற்றுக்கிழமை எங்களைப் பார்த்தவர், மதிலுக்கு மேலாக என்னைப் பார்த்துக் கூப்பிட்டார். பக்கத்து வீட்டில் இருப்பவர் அவர். கிணற்றுத் தண்ணீரை இறைத்துப் பாட்டிலை நிரப்பிக் கொடுத்தார். இறக்கத்தோடு நடந்து பெரிய ரோட்டுக்கு வந்து, பழகின தோற்றம் போலிருந்த ஒரு பஸ்ஸில் ஏறினேன்.

"எவிடேக்கா?" என்றாள் கண்டக்டர் பெண்.

"கோட்டை." கரமனைக்கு அங்கே இறங்கித்தான் பஸ் மாற வேண்டும்.

"அய்யோ, இது கோட்டைக்கல்ல அம்மச்சி! போர்டு நோக்கீலே?"

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. இறங்கினேன். ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் யாரும் இல்லை. பாதித் தண்ணீரில் பருப்பைப் போட்டேன். இருபது நிமிடத்தில் இறக்கிவிட்டேன். சாயங்காலம் மகன் வந்ததும் அவன் விரலில் இரண்டு பருப்பை வைத்து நசுக்கச் சொன்னேன்.

"வேகலையே" என்றான்.

"வேகலை" என்றேன்.

இந்த இடத்தில் பேத்தி பேனாவைத் தூக்கிவிட்டாள். "பாட்டி, பொய் சொன்னேன்னு எழுதவா, மறைச்சேன்னு எழுதவா?"

"பொய்னே எழுது."

அதற்குப் பிறகு நான்கு வீடு பார்த்தோம், ஒன்றும் அமையவில்லை. எந்த வீட்டிலும் நான் உள்ளே போகவில்லை; வாசலில் நின்று முனைப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓணம் நெருங்கியது. அட்டைப்பெட்டிகள் கூடத்தில் வந்து நின்றன. எதில் எதை வைப்பது என்று தெரியாமல் வைத்ததை எடுத்தேன், எடுத்ததை வைத்தேன். மருமகள் என்னைப் பார்த்தபடி இருந்தாள். மீதித் தண்ணீர் இருந்த பாட்டில் அடுப்படி மூலையில் நின்றதை அவளும் பார்த்திருக்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"அத்தை, இது அந்த வட்டியூர்க்காவுத் தண்ணி. முக்கால் மணி நேரம். பஞ்சா வெந்துட்டு. தொட்டுப் பாருங்க, கேட்டோ."

நான் தொடவில்லை. தொடாமலே தெரிந்தது.

"அந்த வீட்டுல என்ன குறைன்னு சொல்லுங்க. படி கூடுதலா?"

"ரெண்டு படிதானே."

"பின்னே? அக்கம்பக்கம் சரியில்லையா?"

"நல்ல மனுஷங்கதான்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். "எனக்கு அங்கே வழி தெரியலை. போர்டு படிக்கத் தெரியாது. மலையாளம் ஓரெழுத்து தெரியாது."

அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்போ போன வருஷம் ரேஷன் கடை நோட்டீஸைப் பார்த்து ஒண்ணுமில்லன்னு சொன்னீங்களே?"

"ஒண்ணும் இருக்காதுன்னுதான் தோணிச்சு."

"அதுல ஓணத்துக்குப் பாயசச் சாமான் கிட்டு கொடுக்கிற தேதி இருந்துச்சு அத்தை! நம்ம பாயசம் போனது அப்படியா?" அவள் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது.

அந்த வீடு இன்னும் காலியாகத்தான் கிடக்கிறதாம். அவள் போனில் விசாரித்து வைத்திருந்தாள். ஆனால் மகனிடம் என்ன சொல்லித் திரும்பக் கேட்பது?

"நான் இதை அவங்ககிட்ட பறைய மாட்டேன். பருப்புப் பக்குவம் அன்னைக்கு உங்களுக்குத் தப்பிப்போச்சுன்னு சொல்லுவோம். அது மதி."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். ஆனால் அது எனக்கு இரண்டு நாள் உறக்கத்தைக் கெடுத்தது. பருப்புப் பக்குவம் எனக்குத் தப்பியதா? மாஸ்டரான என் கணவரே என்னிடம் ருசி கேட்டுத்தான் ஓட்டல் சாம்பாரை இறக்கினார். படிக்கத் தெரியாதவள் என்று என் மகன் என்னைத் தெரிந்துகொள்ளட்டும். பொய் சொன்னவள் என்றும் தெரிந்துகொள்ளட்டும். அடுப்பறியாதவள் என்று மட்டும் அவன் ஒரு நாளும் நினைக்கக்கூடாது.

ஆனால் அவன் முகத்தைப் பார்த்து இவ்வளவையும் சொல்ல எனக்கு வாய் வராது. எனவே அவன் படிக்கட்டும் என்று எழுதச் சொன்னேன். வட்டியூர்க்காவுக்கு நான் சம்மதிக்கிறேன். அதற்கு முன்னால் இந்த வாரம் இன்னொரு தடவை அங்கே தனியாகப் போவேன். யாரும் துணைக்கு வர வேண்டாம். தெரியாத இடத்தில் நின்று, தெரியாது என்று சொல்லி, வழி கேட்பேன். கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியைக் கட்டுவேன்.

எழுதியாச்சா மக்களே? உங்க அப்பா ஆறு மணிக்கு வந்துருவான். அதுக்குள்ள முதல்லேருந்து எனக்கு ஒரு தடவை வாசிச்சுக் காட்டு. மெதுவா வாசி.