அன்னா சுவர்

எஃபி மெக்காஸ்கில் பாதி ஆயுளை கிளாஸ்கோவில் பேருந்து நடத்துனராகக் கழித்தவள். சீட்டு வாங்காமல் நழுவுகிறவனை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவாள். ஓய்வு பெற்று, பிறந்த தீவுக்குத் திரும்பியதும், அங்கே வழங்கும் கேலிக் மொழி இடப்பெயர்களைப் பதிவு செய்யும் குழுவில் சேர்ந்தாள். அங்கே உட்கார்ந்திருந்தவர்களும் அதே நழுவுகிற ரகம்தான்.

குழுத் தலைவன் டோர்க்கில், அவளோடு பள்ளியில் படித்தவன். படகுக்காரன், தேவாலயத்தில் மூப்பன். மேற்குக் கரையில் நிற்கும் இடிந்த சுவருக்கு அவன் வைத்த பெயர் தேவதைச் சுவர்.

"அது அன்னா சுவர்" என்றாள் எஃபி. "அந்தக் காலத்துல குடியானவங்கள வெரட்ட பண்ணைக்காரன் ஆளுங்க கூரையில தீ வச்சப்போ, பிரசவ வலியோட அன்னா அந்தச் சுவரோரம் கெடந்து செத்தா. கொள்ளியத் தூக்கிட்டு வந்தவன் யாரோட பூட்டன்னு சொல்லட்டுமா?"

"நான் அப்படி ஒரு பேரைக் கேட்டதே இல்ல" என்றான் டோர்க்கில். "விதி தெரியும்ல? ஒரு பேர ஏத்துக்கணும்னா அதச் சொல்ற ரெண்டு பேரு குரல் பதிவாகணும். உனக்கு யாரு இருக்கா?"

யாரும் இல்லை. மேசையைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் இன்றைய பண்ணைக்காரனிடம் குத்தகை நிலம் வைத்திருப்பவர்கள். ஒருவன் தேநீரைப் பார்த்தான், இன்னொருவன் கூரையைப் பார்த்தான். தேவதையை நம்புகிறவர்களாக இருந்தாலாவது பரிதாபப்படலாம். ஒருவனும் நம்பவில்லை. தேவதைக்கு யாரும் தீ வைக்கவில்லை, அவ்வளவுதான் வசதி. அன்னாவுக்குக் கல்லறைகூடக் கிடையாது. அந்தப் பெயரும் போய்விட்டால் அவள் பிறக்கவே இல்லை என்றாகிவிடும்.

அடுத்த வாரம் கடல் பாறைகளின் பெயர்களைப் பதிய டோர்க்கிலின் படகில் போனார்கள். அவன் ஒவ்வொரு பாறையாகக் காட்டிச் சொல்ல, எஃபி பதிவுக் கருவியை நீட்டியபடி இருந்தாள். திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. சுக்கானில் இருந்த டோர்க்கிலின் மருமகன் நியால், நனைந்த எரிச்சலில் துறையைப் பார்த்துச் சீக்கிரமே படகைத் திருப்பினான். அங்கே நீருக்கடியில் பாறைத்திட்டு இருக்கிறது. கரையில் இரண்டு அடையாளங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகித் தெரிந்த பிறகுதான் எந்தப் படகும் அதைத் தாண்டித் திரும்பும்.

டோர்க்கில் முகப்பிலிருந்து துள்ளி எழுந்தான்.

"டேய் மடையா, திருப்பாதடா! அன்னா சுவர் மலைத்தோள விட்டு வெளிய வரட்டும்! அன்னா சுவரப் பாருடா, அன்னா சுவர!"

படகு விலகியது. வலப்பக்கம் திட்டின்மேல் நுரை பொங்கி அடங்கியது. கருவியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

"ரெண்டாவது குரல் கெடச்சிருச்சு" என்றாள் எஃபி. "நல்லா கணீர்னு இருக்கு, மூப்பரே."

"எஃபி... அத அழிச்சிரு."

"ஏன்? உசுருக்கு ஆபத்துன்னா அன்னா வேணும். கரையேறிட்டா தேவதை போதுமோ?"

நியால் சிரிப்பை அடக்க முடியாமல் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

துறையில் யாரும் கைகொடுக்காமல் எஃபி தானே இறங்கினாள். டோர்க்கில் ஏற்கெனவே கட்டியிருந்த படகுக் கயிற்றை மறுபடி அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான்.