பல்கீஸ் பீவியின் டிரைவர் பிரச்சினை

திண்டிவனத்தில் பல்கீஸ் பீவிக்கு வெள்ளிக்கிழமை என்றாலே சோதனை நாள். கணவர் ஷாகுல் ஹமீது ஷார்ஜாவில் ஒரு சரக்குக் கிடங்கின் மேற்பார்வையாளர். தொழுகை முடிந்ததும் வீடியோ காலில் வந்து, கிடங்கைப் பார்ப்பது போலவே வீட்டையும் பார்வையிடுவார். பல்கீஸ் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அறை அறையாக நடக்க வேண்டும்.

"அந்தக் குழாய் ஏன் சொட்டுது? இன்னும் கொஞ்சம் லெஃப்டுல திருப்பு."

கடைசியாக ஷெட்டுக்குப் போய், உறையை விலக்கிக் காரைக் காட்ட வேண்டும். போன விடுமுறையில் வாங்கிய கார். அவர் ஊரில் இல்லாதபோது அதை யாரும் தொடக்கூடாது. "நான் ஓட்டக் கத்துக்கட்டுமா?" என்று பல்கீஸ் ஒருமுறை கேட்டதற்கு, "கத்துக்கினு எங்க போகப்போற?" என்று முடித்துவிட்டார்.

2011ஆம் ஆண்டு அந்த லேப்டாப்பின் வைஃபை செத்துப்போனது. ஷாகுல் விரல் நீளத்தில் ஒரு யுஎஸ்பி அடாப்டர் வாங்கி, ஊருக்கு வந்த நண்பரிடம் கொடுத்தனுப்பினார். செருகிப் பார்த்தால் நெட் வரவில்லை. கூட வந்த சிடியில் இருந்த டிரைவர், அதாவது அடாப்டரை இயக்கும் மென்பொருள், பழைய விண்டோஸுக்கானது. புது டிரைவரை நெட்டிலிருந்து இறக்க வேண்டும். நெட் வருவதற்கோ அந்த டிரைவர் வேண்டும். பல்கீஸ் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு, நேரு வீதியில் பிரௌசிங் சென்டர் வைத்திருந்த தோழி அமல்ராணியிடம் போனாள்.

அமல்ராணி டிவைஸ் மேனேஜரைத் திறந்து, அடாப்டர் பெயரோடு இருந்த மஞ்சள் முக்கோணத்தைக் காட்டினாள். "டப்பா மேல இருக்கிற பேரை நம்பாதக்கா. உள்ள இருக்கிற சிப்பு வேற கம்பெனி. அது நம்பரைப் போட்டுத்தான் தேடணும்." தன் கம்ப்யூட்டரில் தேடி எடுத்து, பென் டிரைவ் வழியாக லேப்டாப்பில் ஏற்றினாள். அடாப்டரில் பச்சை விளக்கு சிமிட்டியது.

பல்கீஸ் திரையில் 'டிஸேபிள்' என்றிருந்ததைத் தொட்டுக் காட்டினாள். "இத அமுக்கினா?"

"செத்த மாதிரி கெடக்கும். திரும்ப எனேபிள் பண்ணா உசுரு வந்துடும்."

பல்கீஸ் சற்று யோசித்தாள். "உனக்குக் கார் ஓட்டத் தெரியும் இல்ல?"

எல்எல்ஆர் வாங்கியதும், மதிய வேளைகளில் சென்டரைப் பூட்டிவிட்டு அமல்ராணி கற்றுக்கொடுத்தாள். புதுச்சேரி சாலையில் கிளியனூர் வரை போய்த் திரும்பினார்கள். பல்கீஸ் ஒவ்வொரு கியருக்கும் பிஸ்மி சொன்னாள். பிரேக்குக்கு அமல்ராணி மாதாவைக் கூப்பிட்டாள். சாலையில் ஒழுங்காக வந்த கார், ஒரு வியாழக்கிழமை ஷெட் தூணில் உரசியது. கதவில் முழ நீளத்துக்கு ஒரு கோடு.

மறுநாள் பல்கீஸ் அடாப்டரை டிஸேபிள் செய்துவிட்டுப் போனில் சொன்னாள்: "மச்சான், நெட்டு வரல. டிரைவர் பிராப்ளமாம்." அதில் பொய் எதுவும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

"கழட்டி மாட்டு. ரீஸ்டார்ட் பண்ணு. பண்ணியா?"

"பண்ணிக்கினுதான் இருக்கேன்," என்றாள் பல்கீஸ், மல்லாட்டை உரித்துக் கடலையை வாயில் போட்டபடி.

அடுத்த வெள்ளியும் அப்படியே போனது. ஷாகுலுக்குப் பொறுக்கவில்லை. விழுப்புரத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் சித்தப்பா மகன் முகம்மது ஆசிப்பை அனுப்பிவைத்தார். ஆசிப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டான்.

"அண்ணி, யாரோ இத ஆஃப் பண்ணி வச்சிருக்காங்க."

"யாரோ இல்ல தம்பி, நான்தான்."

அவனை ஷெட்டுக்கு அழைத்துப் போய், அமல்ராணி ஓட்டக் கற்றுக்கொடுப்பதைச் சொல்லி, கார் உறையைத் தூக்கிக் காட்டினாள். ஆசிப் கோட்டைப் பார்த்தான், பிறகு அண்ணியைப் பார்த்தான்.

"டெஸ்ட் எப்ப?"

"வர்ற புதன்கிழமை."

ஆசிப் அங்கேயே நின்று ஷார்ஜாவுக்குப் போன் போட்டான். "அண்ணே, டிரைவர் இன்னும் சரியா செட்டாகல. ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தாதான் தெரியும்." போனை வைத்ததும், "பெயிண்டுக்கு விழுப்புரத்துல தெரிஞ்ச ஆள் இருக்காரு. அமல்ராணி அக்காவ உக்கார வச்சி நீங்களே ஓட்டிக்கினு வாங்க," என்றான்.

லைசென்ஸ் கைக்கு வந்த வாரம் அடாப்டருக்கு உயிர் வந்தது. பல்கீஸ் லேப்டாப்பைக் காரின் டாஷ்போர்டில் சாய்த்து வைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தாள். தூண், கோடு, டிஸேபிள் எல்லாவற்றையும் அவளே சொல்லிவிட்டாள். திரையில் ஷாகுல் அசையவே இல்லை. இந்த முறை நெட் நிஜமாகவே போய்விட்டதோ என்று பயந்தாள்.

"சீட்டை முன்னாடி தள்ளு," என்றார் கடைசியில். "கிளட்சு உனக்கு முழுசா எட்டல."

அடுத்த விடுமுறைக்கு அவர் சென்னையில் இறங்கியபோது, அழைத்துவரக் காரோடு பல்கீஸ் நின்றிருந்தாள். தாம்பரம் வரை அவர் ஒவ்வொரு லாரிக்கும் யோசனை சொன்னார். செங்கல்பட்டு தாண்டுவதற்குள் வாய் திறந்தபடி தூங்கிவிட்டார்.